மரத்தோணியைக் கண்மாயில் இறக்குவது எப்படி? தனியாகத் துடுப்புப் போடுபவர்களுக்கு

தோணி செய்து முடித்து, வார்னிஷும் காய்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்கிறேன். இங்கே சொல்வது 14 அடி நீளம், இரண்டு இருக்கைப் பலகை உள்ள திறந்த தோணிக்குப் பொருந்தும். மதுரைப் பக்கம் ஐப்பசி, கார்த்திகை மழைக்குக் கண்மாய் பெருகினால், நல்ல வருடத்தில் தை, மாசி வரை தண்ணீர் நிற்கும். பழக அதுதான் காலம். வைகையை அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம்.

1. இறங்கும் முன்

ஊராட்சியில் கேளுங்கள். அதைவிட முக்கியம், மீன் குத்தகை எடுத்தவரிடம் பேசுவது. வலை எங்கே கட்டியிருக்கிறது, மடை எங்கே, சவுடு மண் அள்ளிய குழி எங்கே என்று மூன்றையும் அவர்தான் சரியாகச் சொல்வார். சாமநத்தம் போலப் பறவைகள் கூடும் கண்மாய் என்றால் தோணியை எடுத்துப் போகாதீர்கள்.

பலகை சேர்த்து ஆணி அடித்த தோணி வெயிலில் கிடந்தால் இணைப்பு விரியும். உள்ளே ஈரச் சாக்கை விரித்து இரண்டு நாள் தண்ணீர் தெளித்தால் மரம் ஊதி அடைத்துக்கொள்ளும். ஐஎஸ் 710 தரத்து மரைன் பிளைவுட்டில் எபாக்சிப் பிசின் பூசிய தோணிக்கு இந்த வைத்தியம் கூடாது. அது ஒழுகினால் பூச்சு எங்கோ உடைந்திருக்கிறது. நன்றாகக் காயவைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, மறுபடி பூச வேண்டும்.

2. கூட எடுத்துப் போக வேண்டியவை

லைஃப் ஜாக்கெட். போட்டு வாரை இறுக்கியபின் ஒருவர் தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கினால், அது காது வரை ஏறக் கூடாது. ஏறினால் அளவு பெரியது.

இரண்டு முனையிலும் 5 மீட்டர் நைலான் கயிறு. மூடியை இறுக்கிய காலி 20 லிட்டர் கேன், முனைக்கு ஒன்றாக, அசையாமல் கட்டியது. தோணி கவிழ்ந்து நிறைந்தாலும் ஒவ்வொன்றும் ஏறக்குறைய 20 கிலோ பாரத்தைத் தாங்கும். தண்ணீர் இறைக்க 5 லிட்டர் எண்ணெய் கேனை அடி வெட்டிக்கொள்ளுங்கள்.

துடுப்பு மரத்தில்தான் இருக்க வேண்டும் என்பேன். அலுமினியம் வெயிலில் கையைச் சுடும். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, துடுப்பைத் தலைகீழாகப் பிடித்துக் கைப்பிடியை இருக்கையில் ஊன்றுங்கள். காம்பு முடிந்து இலை தொடங்கும் இடம் மோவாய்க்கும் மூக்குக்கும் நடுவில் வந்தால் சரியான நீளம்.

தோணியை ஏற்றக் குட்டியானை போதும். தொட்டி ஏழு அடி சொச்சம்தான் என்பதால், தோணியைக் கவிழ்த்து முன்பாதியை கேபின் மேல் ஏற்றிக் கட்டுங்கள். பின்னால் நீட்டும் முனையில் சிவப்புத் துணி வேண்டும்.

3. ஏறுவது

பாதி கரையில், பாதி தண்ணீரில் நிற்கும் தோணியில் ஏறாதீர்கள். ஒரு முனை மண்ணில் முட்டி நின்றால் தோணி உருண்டுவிடும். முழங்கால் ஆழத்தில் முழுதும் மிதக்கவிட்டு, இரண்டு விளிம்பையும் பிடித்து, நட்டநடுவில் கால் வைத்து உடனே குனிந்து உட்காருங்கள்.

4. எங்கே உட்காருவது

புதியவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். தனியாள் பின்பலகையில் உட்கார்ந்தால் அணியம் (முன்முனை) மேலே தூக்கும். தூக்கிய மூக்கைக் காற்று பிடித்துத் தள்ளும். எவ்வளவு துடுப்புப் போட்டாலும் தோணி காற்றுப் போகும் பக்கமே திரும்பும். கைவலு போதவில்லை என்று நினைத்து இன்னும் வேகமாகப் போடுவார்கள். கோளாறு பாரம் இருக்கும் இடத்தில்.

இரண்டு முனையும் ஒரே வடிவம் என்றால், முன்பலகையில் பின்பக்கம் பார்த்து உட்காருங்கள். முன்பலகை நடுவுக்கு நெருக்கமாக இருக்கும். இப்போது அமரம், அதாவது பின்முனைதான், உங்களுக்கு அணியம். குறுக்குச்சட்டம் காலை இடித்து அப்படி உட்கார முடியாவிட்டால், நடுவுக்குச் சற்றுப் பின்னால் மடித்த சாக்கின் மேல் மண்டியிடுங்கள். அதுவும் ஆகாதென்றால் வேறொரு 20 லிட்டர் கேனில் தண்ணீர் நிரப்பி முன்முனையில் கட்டுங்கள், ஓரளவு சமமாகும். கரையில் நிற்பவரைப் பக்கவாட்டிலிருந்து பார்க்கச் சொல்லுங்கள். பின்முனை ஓரிரு அங்குலம் தாழ்ந்திருக்கலாம், அதற்கு மேல் வேண்டாம்.

காற்றை எதிர்த்துப் போகும்போது கொஞ்சம் முன்னால் நகருங்கள். காற்று பின்னாலிருந்து வந்தால் கொஞ்சம் பின்னால்.

5. நேராகப் போவது

வலப்பக்கம் போட்டால் மூக்கு இடப்பக்கம் திரும்பும். வீச்சு இடுப்பைத் தாண்டும்போது, மேல்கையின் கட்டைவிரல் கீழே பார்க்கும்படி காம்பைத் திருப்பி, இலையை வெளிப்பக்கம் லேசாகத் தள்ளுங்கள். மூக்கு பழையபடி நேராகும். கட்டைவிரலை மேலே திருப்பினாலும் தோணி நேராகும், ஆனால் ஒவ்வொரு வீச்சிலும் வேகம் செத்துவிடும்.

6. கண்மாயில் பார்க்க வேண்டியவை

வறண்ட வருடங்களில் முளைத்த சீமைக்கருவேலம் தண்ணீருக்குள் முழுகிக் கிடக்கும். அதன் கட்டை அடிப்பலகையைக் கிழிக்கும். தண்ணீருக்கு மேல் காய்ந்த கிளை தெரிந்தால் சுற்றிப் போங்கள். திறந்த மடை உள்ளே இழுக்கும், பக்கத்தில் போக வேண்டாம். கண்மாய் நிரம்பி மறுகால் பாயும் நாளில் தோணியே இறக்காதீர்கள்.

கவிழ்ந்தால் தோணியை விடாமல் பிடித்து, காலை உதைத்துக் கரைக்குத் தள்ளுங்கள். ஆழம் குறைவு என்று எழுந்து நிற்காதீர்கள். சேறு காலைப் பிடித்துக்கொள்ளும், மண் அள்ளிய குழி திடீரென்று ஆளை முழுக்கும்.

ஆற்றில் தடுப்பணைதான் எமன். கீழே விழும் தண்ணீர் திரும்பிச் சுழன்று தோணியையும் ஆளையும் அங்கேயே பிடித்துவைக்கும். விரகனூர் மதகு அணை ஆனாலும் சிறு தடுப்பணை ஆனாலும், நன்றாக முன்னாலேயே கரையேறித் தோணியைத் தூக்கிக்கொண்டு நடங்கள். வைகை அணை நீர்மட்டம் 66 அடியைத் தொட்டால் முதல் வெள்ள எச்சரிக்கை, 68.5 அடியில் இரண்டாவது, 69 அடியில் மூன்றாவது. முதல் எச்சரிக்கை வந்ததுமே ஆற்றை மறந்துவிடுங்கள்.

7. வைப்பது

நிழலில், கவிழ்த்து, இரண்டு முக்காலி மேல். தரையில் போட்டால் கரையான் ஏறும். எபாக்சி வெயிலைத் தாங்காது, அதனால் மேலே புற ஊதா தாங்கும் வார்னிஷ் கட்டாயம்.

பின்சேர்க்கை: கட்டைவிரலைச் சரியாகத் திருப்பியும் தோணி வளைகிறது என்பவர்கள், துடுப்பு போகும் பாதையைக் கவனியுங்கள். விளிம்பின் வளைவை ஒட்டியே இழுத்தால் ஒவ்வொரு வீச்சும் தோணியைத் திருப்பும். காம்பைச் செங்குத்தாக நிறுத்தி, தோணியின் நடுக்கோட்டுக்கு இணையாக நேராக இழுங்கள். மேல்கை தண்ணீருக்கு மேல், விளிம்புக்கு வெளியே இருந்தால்தான் காம்பு செங்குத்தாக நிற்கும்.