ஊர்ப் போரைக் கவிதையாக்குவது எப்படி? புதிதாக எழுதுபவர்களுக்கு

போரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் வாளும் குருதியும்தான் முதலில் வந்து நிற்கும். அவற்றைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். எந்த மண்ணில் நடந்த போர் என்பதிலிருந்து தொடங்கலாம். இன்றைய சிவகங்கை மாவட்டத்தில் நடந்த இரண்டு போர்களை வைத்தே செய்து பார்ப்போம்.

படி 1: இடத்தைப் பிடியுங்கள்

ஒரு குன்று, ஒரு கண்மாய், ஒரு கோட்டை வாசல் போதும். முடிந்தால் நேரில் போய், என்ன விளைகிறது, தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். சிங்கம்புணரி அருகேயுள்ள பிரான்மலையைத்தான் பாரியின் பறம்பு என்கிறார்கள். மூவேந்தரும் அதை முற்றுகையிட்டபோது கபிலர் வீரத்தை மட்டும் பாடவில்லை. உழாமலே கிடைக்கும் நான்கு பொருள்களைச் சொன்னார்: மூங்கில் நெல், பலாப்பழம், வள்ளிக்கிழங்கு, தேன். மலைக்குள் சோறு இருக்கிறது, பட்டினி போட்டுப் பணியவைக்க முடியாது என்பது அந்தப் பட்டியலிலேயே வந்துவிடுகிறது.

படி 2: யார் பேசுவது?

இதில் அவசரப்படாதீர்கள். பாரி இறந்தபின் அவன் மகளிர் பாடிய புறநானூற்றுப் பாட்டை (112) வாய்விட்டுப் படியுங்கள்:

அற்றைத் திங்கள் அவ்வெண் ணிலவில்
எந்தையும் உடையேம்எம் குன்றும் பிறர்கொளார்
இற்றைத் திங்கள் இவ்வெண் ணிலவில்
வென்றெறி முரசின் வேந்தர்எம்
குன்றும் கொண்டார்யாம் எந்தையும் இலமே

ஐந்தே அடிகள். போர்க்களமே இல்லை, வென்றவர்களின் முரசு மட்டும் ஒரு முறை கேட்கிறது. போன மாதமும் இதே நிலாதான். அன்று அப்பா இருந்தார், குன்று நம்முடையது. அழுகிறோம் என்று அந்தப் பெண்கள் ஓரிடத்திலும் சொல்லவில்லை. இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது.

படி 3: செய்தி சேருங்கள்

இப்போது 1801-க்கு வாருங்கள். காளையார்கோவிலைப் பிடிக்க, சிறுவயலிலிருந்து காட்டை வெட்டிப் பாதை போட ஆங்கிலேயப் படை வாரக்கணக்கில் முயன்றது. அக்டோபர் 24 அன்று மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டார்கள். அந்தப் படையில் இருந்த அதிகாரி ஜேம்ஸ் வெல்ஷ், தனக்கு ஈட்டியும் வளரியும் (வளைந்த எறிகோல்) எறியக் கற்றுக்கொடுத்ததே சின்ன மருதுதான் என்று பிற்பாடு எழுதிவைத்தார். இந்த ஒரு செய்திக்குள்ளேயே முழுக் கவிதை இருக்கிறது. பேசுவது யார் என்று நீங்கள் தேர்ந்தெடுங்கள்: கற்றுக்கொண்ட அந்தக் கையா, காட்டில் கோடரி பிடித்தவனா, வெட்டுப்பட்ட மரமா?

படி 4: எழுதுங்கள்

போருக்கு முந்தைய இடத்தை நாலு வரியில், பொருள்களை மட்டும் வைத்து எழுதுங்கள். அப்புறம் அதே இடம், போருக்குப் பிறகு. வீரம், தியாகம், சோகம் என்ற சொற்களை அடித்துவிடுங்கள். தேதியைத் தலைப்புக்குக் கீழே சின்னதாகப் போட்டால் போதும். ஊர்ப்பெயரை மாற்றிப் பாருங்கள். வேறு ஊருக்கும் பொருந்தினால் படி 1-க்குத் திரும்ப வேண்டும்.

ஊரில் சொல்லும் கதையும் வரலாற்று ஆவணமும் ஒத்துப்போகாத இடங்கள் வரும். சரி, அந்தக் கதையை விட்டுவிட வேண்டாம். ‘என்று எங்கள் அப்பத்தா சொல்லும்’ என்று ஊர்க்காரர் வாயிலேயே வையுங்கள்.