ஆறாத கால் புண்ணுக்கு வெற்றிட பம்ப்: வீட்டில் கவனிக்க வேண்டியவை

மும்பையில் தாராவி, செம்பூர் பக்கம் நம் வீடுகளில் யாருக்காவது சர்க்கரைப் புண் ஆறாமல், டாக்டர் இடுப்பில் மாட்டிக்கொள்ளும் வெற்றிட பம்ப் கொடுத்து அனுப்பியிருந்தால் இதைப் படியுங்கள்.

புண்ணில் ஸ்பாஞ்ச், அதன்மேல் காற்றுப் புகாத ஒட்டுத்தாள், அங்கிருந்து பம்புக்கு ஒரு குழாய். பெரும்பாலும் 125 மி.மீ. பாதரச அளவு உறிஞ்சு அழுத்தத்தில் புண்ணில் ஊறும் நீரை பம்ப் இழுக்கும். டாக்டர் வைத்த அளவை நீங்களாக மாற்றாதீர்கள்.

பம்பின் அலாரம் அடித்தால் பயப்பட வேண்டாம், பெரும்பாலும் எங்கோ காற்று கசிகிறது என்றுதான் அர்த்தம். குதிகால் ஓரத்திலும் விரலிடுக்கிலும்தான் ஒட்டுத்தாள் சுருங்கி வாய் திறக்கும், அதுவும் இந்த ஊர் புழுக்கத்தில் வியர்த்தால் சீக்கிரமே பிரியும், அதனால் விளிம்பை விரலால் அழுத்தி நீவிப் பாருங்கள், நிற்காவிட்டால் சுற்றியுள்ள தோலைத் துடைத்துக் காயவைத்து மேலே இன்னொரு துண்டு ஒட்டுங்கள்.

ராத்திரி சார்ஜில் போட மறக்காதீர்கள். ஒரு நாளில் மொத்தம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் பம்ப் நின்றால் அந்த ஸ்பாஞ்ச் உள்ளே இருக்கக்கூடாது, நர்ஸைக் கூப்பிட்டு எடுத்துவிட்டுச் சாதாரணக் கட்டுப் போடச் சொல்லுங்கள். மழைக்காலத் தெருத் தண்ணீரில் அந்தக் காலை வைக்கவே கூடாது, எவ்வளவு அவசர வேலையானாலும் சரி.

2022-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில், புண்ணின் வெப்பத்தை அளந்து, ஆறுவதற்கு மின் தூண்டலும் தரும் புதுவகைக் கட்டு ஒன்றை எலிகளிடம் சோதித்தார்கள், நம்பிக்கை தரும் விஷயம். ஆனால் இன்று உங்கள் கையில் இருப்பது பம்ப்தான்.

குழாயில் சிவப்பாக ரத்தம் ஓடினால் உடனே பம்பை நிறுத்துங்கள், கட்டைப் பிரிக்காமல் மேலே அழுத்திப் பிடித்தபடி ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.