மான்செராட் மடத்துக்கு ரோப் காரா, பல்சக்கர ரயிலா?

ஸ்பெயினின் பார்சிலோனாவிலிருந்து மலைமேல் இருக்கும் மான்செராட் மடத்துக்கு ஒரே நாளில் போய்வர நினைப்பவர்கள் முதலில் இதை முடிவு செய்துகொள்ளுங்கள்: மலையேற ரோப் காரா, பல்சக்கர ரயிலா (தண்டவாளத்தில் பற்சக்கரம் கோத்து ஏறும் மலை ரயில்)? பார்சிலோனாவின் எஸ்பான்யா நிலையத்தில், மலையடிவாரம் போகும் ஆர்5 ரயிலுக்கு டிக்கெட் எடுக்கும்போதே இதைச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் இரண்டுக்கும் இறங்கும் நிலையம் வேறு. ரோப் காருக்கு ஆயெரி தெ மான்செராட், பல்சக்கர ரயிலுக்கு அதற்கு அடுத்த மொனிஸ்ட்ரோல். அதுவரை சுமார் ஒரு மணி நேரம்.

1930 முதல் ஓடும் ரோப் கார் ஐந்தே நிமிடத்தில் மேலே சேர்த்துவிடும், பாறைகளுக்கு நடுவே அந்தரத்தில் போகும் காட்சி அற்புதம்! ஆனால் சின்னப் பெட்டி, கூட்டம் சேர்ந்தால் வரிசையில் நிற்க வேண்டும், பலத்த காற்றடித்தால் நிறுத்திவிடுவார்கள். வயதானவர்கள், கைக்குழந்தை, உயரம் என்றால் பயம் என்றால் யோசிக்காமல் பல்சக்கர ரயில்தான், உட்கார்ந்தே போகலாம். கார் வைத்திருந்தால் மொனிஸ்ட்ரோல் விலா நிலையத்தில் நிறுத்திவிட்டு அதே ரயிலில் ஏறுங்கள்.

எதுவானாலும் காலையிலேயே கிளம்புங்கள், மடத்தில் இருக்கும் கருப்பு மாதா சிலையைப் பார்க்க வரிசை சீக்கிரம் நீண்டுவிடும். அப்புறம், கீழே இறங்கும் கடைசி வண்டியின் நேரத்தை மேலே போனதுமே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.