முதல் சொகுசு வாட்ச்: மனசுக்குப் பிடித்ததா, விலை நிற்பதா?

பெரிய தொகை போட்டு முதல் வாட்ச் வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். மனசுக்குப் பிடித்தது ஒன்று, விற்றால் காசு திரும்ப வரும் என்று ஊரே சொல்வது வேறொன்று. இதில் என் கருத்து உறுதியானது: இரண்டையும் ஒரே நேரத்தில் யோசிக்கக் கூடாது. முதலில் ரசனை, பிறகு கணக்கு. கணக்கில் ஆரம்பித்தால் டயலைப் பார்க்கும்போதும் விலைதான் தெரியும்.

ஆரம்பநிலையில் இருப்பவர்கள் அடிக்கடி ஒப்பிட்டுப் பார்க்கும் நான்கு வாட்சுகளை வைத்தே சொல்கிறேன்: ரோலெக்ஸ் சப்மரைனர், ஒமேகா ஸ்பீட்மாஸ்டர் மூன்வாட்ச், கிராண்ட் சீக்கோ ஸ்னோஃப்ளேக், டியூடர் பிளாக் பே ஃபிஃப்டி எயிட். நீங்கள் யோசிப்பது வேறு மாடலாக இருந்தாலும் வழி இதுதான்.

படி 1: விலையைக் கேட்காமல் கையில் கட்டிப் பாருங்கள்

போட்டோவையும் வீடியோவையும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஷோரூமுக்குப் போய், ஒவ்வொன்றையும் குறைந்தது பத்து நிமிடம் கட்டிக்கொண்டு நில்லுங்கள், நடங்கள், சட்டைக் கையை இறக்கி விடுங்கள். வாட்சின் அகலத்தை மட்டும் பார்த்தால் போதாது. ஸ்ட்ராப்பை மாட்ட மேலும் கீழும் நீட்டிக்கொண்டிருக்கும் கொம்புகளில், மேல் கொம்பிலிருந்து கீழ்க் கொம்பு வரை உள்ள நீளம்தான் மணிக்கட்டில் எப்படி உட்காரும் என்பதைத் தீர்மானிக்கிறது. ஸ்னோஃப்ளேக்கின் அகலம் 41 மி.மீ., ஆனால் கொம்புக்குக் கொம்பு 49 மி.மீ. வரை போகிறது, ஒல்லியான கையில் இரண்டு பக்கமும் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கலாம். பிளாக் பே ஃபிஃப்டி எயிட் 39 மி.மீ. தான், பெரும்பாலான கைகளில் அடக்கமாக உட்காரும்.

இனி ஒவ்வொன்றிலும் எதை ரசிப்பது என்று பார்ப்போம்.

ஸ்பீட்மாஸ்டர் 1957-இல் வந்தது. 1965 மார்ச்சில் நாசா சோதித்துத் தேர்ந்தெடுத்தது. 1969 ஜூலையில் பஸ் ஆல்ட்ரின் இதைக் கட்டிக்கொண்டுதான் நிலவில் இறங்கினார். இன்றைய மூன்வாட்சும் கையால் சாவி கொடுக்க வேண்டியதுதான்; முழுதாகக் கொடுத்தால் சுமார் 50 மணி நேரம் ஓடும். தினமும் காலையில் சாவி கொடுப்பது சிலருக்குப் பெரிய சந்தோஷம், சிலருக்குப் பெரிய தொல்லை. நீங்கள் எந்த ரகம் என்பதை வாங்குவதற்கு முன்பே தெரிந்துகொள்ளுங்கள்.

ஸ்னோஃப்ளேக்கை வெளிச்சத்துக்குக் காட்டிச் சாய்த்துப் பாருங்கள். ஜப்பானின் ஷின்ஷு பகுதியில் கிடக்கும் பனிப்பரப்பை நினைவூட்டும்படி செய்த டயல் அது. அதன் நொடிமுள் டிக் டிக் என்று துள்ளாது, ஒரே ஓட்டமாக வழுக்கிக்கொண்டே போகும். சுருள்வில்லின் விசையில் ஓடும் இயந்திரத்தை, ஒரு குவார்ட்ஸ் படிகத்தின் துடிப்பை அளவாக வைத்து, மின்காந்த பிரேக் ஒன்று சீரான வேகத்தில் வைக்கிறது, பேட்டரி கிடையாது. சீக்கோவின் பொறியாளர் ஒருவர் 1977-இல் தொடங்கிய யோசனை, 1999-இல்தான் விற்பனைக்கு வந்தது. நாளைக்கு ஒரு நொடிக்கு மேல் பிசகாது என்பது தயாரிப்பாளரின் அளவு. நான்கில் அழகாகச் செய்த டயலும் முட்களும் இதற்குத்தான் என்று நான் தயங்காமல் சொல்வேன்.

சப்மரைனரில் ரசிக்க வேண்டியது அதன் உறுதியும் வசதியும். 1953-இல் முக்குளிப்பவர்களுக்காக வந்தது, இன்று 300 மீட்டர் ஆழம் தாங்கும். கொக்கியிலேயே சங்கிலியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தும் ஏற்பாடு உண்டு. மதிய வெயிலில் மணிக்கட்டு லேசாக வீங்கும் நம் ஊரில் இந்த ஒரு வசதியே பெரிய விஷயம். ஸ்னோஃப்ளேக்கின் கொக்கியில் அது இல்லை.

டியூடர், ரோலெக்ஸை நிறுவிய ஹான்ஸ் வில்ஸ்டார்ஃப் தொடங்கிய இன்னொரு பிராண்ட். சப்மரைனரை விடப் பல மடங்கு சுலபமாகக் கிடைக்கும், விலையும் பாதிக்கும் குறைவு. பழைய முக்குளிப்பு வாட்சுகளின் சாயல் பிடித்தவர்களுக்கு இது மாற்று ஏற்பாடு இல்லை, அதற்கென்றே ஓர் அழகு உண்டு.

கடையை விட்டு வெளியே வந்ததும் போனில் ஒரு வரி எழுதுங்கள்: எதைக் கழற்ற மனசு வரவில்லை? கடைசிப் படி வரை அந்த வரியை அழிக்காதீர்கள்.

படி 2: எங்கே, எத்தனை நாள் கட்டுவீர்கள்?

நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டிய இடம் இது. தினமும் அலுவலகம், ரயில், பைக் என்று போகிறவரா? மழையில் நனைவீர்களா? ஸ்பீட்மாஸ்டர் 50 மீட்டர் அளவுக்குத்தான் தண்ணீர் தாங்கும். கை கழுவலாம், கடலில் குதிக்க அது சரிவராது. தோல் ஸ்ட்ராப் வியர்வையில் சீக்கிரம் நாறிப்போகும், அதனால் நம் தட்பவெப்பத்துக்கு உலோகச் சங்கிலியோ ரப்பரோ நல்லது.

இன்னொரு கேள்வியும் உண்டு. இரவு ரயிலில், கல்யாண மண்டபக் கூட்டத்தில், இந்த வாட்சைக் கட்டிக்கொண்டு நிம்மதியாக இருக்க முடியுமா? பயந்து லாக்கரில் வைத்தால் அதற்கு மறுவிற்பனை மதிப்பு எவ்வளவு இருந்தாலும் உங்களுக்கு வாட்ச் இல்லை என்றுதான் அர்த்தம்.

படி 3: சிலவற்றுக்கு ஏன் விலை நிற்கிறது?

அபூர்வமாக இருப்பதால் விலை நிற்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். ரோலெக்ஸ் ஆண்டுக்குப் பத்து லட்சத்துக்கும் மேல் வாட்சுகள் செய்வதாகத் தொழில் மதிப்பீடுகள் சொல்கின்றன. கிராண்ட் சீக்கோ செய்வது அதில் மிகச் சிறு பங்கு. ஆனாலும் ரோலெக்ஸுக்குத்தான் விலை நிற்கிறது. காரணம், எத்தனை செய்தாலும் அதைவிட அதிகம் பேர் கேட்கிறார்கள், உலகத்தில் எந்த ஊரில் கொண்டுபோய்க் காட்டினாலும் வாங்க ஆள் இருக்கிறது, டிசைனும் ஒரேயடியாக மாறுவதில்லை. கேட்கும் ஆட்கள் எத்தனை பேர் என்பதுதான் மறுவிற்பனை. வேலைப்பாட்டின் தரம் அதில் ஒரு சிறு பகுதி மட்டுமே.

ஒரே பிராண்டுக்குள்ளும் வித்தியாசம் உண்டு. ஸ்டீல் ஸ்போர்ட்ஸ் வாட்சுகளுக்கு உள்ள கேட்பு, பாதி தங்கம் பாதி ஸ்டீல் மாடல்களுக்கோ வைரம் பதித்தவற்றுக்கோ இருப்பதில்லை. "ரோலெக்ஸ் என்றாலே லாபம்" என்று யாராவது சொன்னால் எந்த மாடல், எந்த ஆண்டு என்று திருப்பிக் கேளுங்கள்.

எந்த ஆண்டு என்பது முக்கியம். 2021-லும் 2022-இன் தொடக்கத்திலும் பத்தேக் பிலிப்பின் நாட்டிலஸ் 5711, ரோலெக்ஸ் டேடோனா போன்றவை தயாரிப்பாளர் வைத்த பட்டியல் விலையைப்போல் பல மடங்குக்குக் கைமாறின. 2022 வசந்த காலத்துக்குப் பிறகு அந்த விலைகள் சரிந்தன. உச்சத்தில் வாங்கியவர்கள் அதே புகழ்பெற்ற வாட்சுகளிலேயே பெரும் நஷ்டம் கண்டார்கள். ஆகவே ஷோரூமில் பட்டியல் விலைக்குக் கிடைக்கும் சப்மரைனர் வேறு, வெளியே கூடுதல் விலை கொடுத்து வாங்கும் சப்மரைனர் வேறு. முதலாவதில் விலை நிற்கும் வாய்ப்பு நன்றாகவே உண்டு. இரண்டாவதில் அந்தக் கூடுதல் தொகை உங்கள் சொந்த ரிஸ்க்.

சில இடங்களில் கேட்பு அதிகமுள்ள மாடல் வேண்டுமென்றால் முதலில் வேறு வாட்சோ நகையோ வாங்க வேண்டும் என்று ஜாடையாகச் சொல்வார்கள். வேண்டாத அந்தப் பொருளில் வரும் நஷ்டத்தையும் உங்கள் வாட்சின் விலையில் கூட்டிக்கொள்ளுங்கள்.

படி 4: உண்மையில் கைக்கு வரும் விலையைக் கண்டுபிடியுங்கள்

இணையத்தில் ஒருவர் கேட்கும் விலை, அவருக்குக் கிடைத்த விலை இல்லை. க்ரோனோ24 போன்ற தளங்களில் தெரிவதெல்லாம் கேட்கும் விலை. அதில் தளத்தின் கமிஷன், விற்பவரின் லாபம் எல்லாம் அடங்கியிருக்கும். இபேயில் விற்று முடிந்தவற்றை மட்டும் தனியாகப் பார்க்கலாம், அது கொஞ்சம் உண்மைக்குப் பக்கம்.

எல்லாவற்றையும் விட நல்ல வழி: பழைய வாட்ச் வாங்கி விற்கும் இரண்டு மூன்று கடைகளில், "இந்த மாடல், இந்த ஆண்டு, பெட்டியும் கேரண்டி கார்டும் இருக்கிறது, எவ்வளவுக்கு எடுப்பீர்கள்?" என்று கேளுங்கள். வரும் தொகைதான் உங்கள் மறுவிற்பனை விலை. அது எப்போதும் நீங்கள் எதிர்பார்த்ததைவிடக் குறைவாகவே இருக்கும்.

படி 5: ஆண்டுக்கு எவ்வளவு என்று பிரியுங்கள்

இந்தப் படியைச் செய்யாமல் யாரும் பணம் கட்டக் கூடாது என்பேன். வாட்சை வாடகைக்கு எடுத்ததுபோல் நினைத்துக்கொள்ளுங்கள். வாங்கிய விலையில் விற்கும் விலையைக் கழித்து, சர்வீஸ் செலவைக் கூட்டி, வைத்திருக்கும் ஆண்டுகளால் வகுக்க வேண்டும். சர்வீஸ் இடைவெளியைத் தயாரிப்பாளர்களே சொல்கிறார்கள்: ரோலெக்ஸ் சுமார் 10 ஆண்டு, ஒமேகா 5 முதல் 8 ஆண்டு, கிராண்ட் சீக்கோ 3 முதல் 4 ஆண்டு.

வெறும் உதாரணத்துக்கு வைத்துக்கொண்ட எண்களில் பார்ப்போம். வாட்ச் அ: விலை 6,00,000 ரூபாய், ஆறு ஆண்டு கழித்து 3,60,000-க்குப் போகிறது, நடுவில் சர்வீஸுக்கு 60,000. மொத்தச் செலவு 3,00,000, ஆண்டுக்கு 50,000. வாட்ச் ஆ: விலை 11,00,000, ஆறு ஆண்டு கழித்து 10,00,000, சர்வீஸ் இல்லை. செலவு 1,00,000, ஆண்டுக்குச் சுமார் 16,700.

ஆ தான் கெட்டிக்காரத்தனம் என்று தோன்றும். ஆனால் ஆ-வில் ஐந்து லட்சம் கூடுதலாக முடங்கிக் கிடக்கிறது. அதை 7 சதவீத வைப்புநிதியில் போட்டிருந்தால் தனிவட்டியே ஆண்டுக்கு 35,000. அதையும் கூட்டினால் ஆ-வின் ஆண்டுச் செலவு 51,700. இரண்டும் ஏறத்தாழ ஒன்றுதான்! ஒரு வாட்ச் பாதி விலைக்குப் போகும், இன்னொன்று முழு விலைக்குப் போகும் என்று கேட்டுப் பயந்தவர்களுக்கு இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டினால் முகமே மாறிவிடும்.

இதோடு நிறுத்தாமல், கட்டப்போகும் நாட்களாலும் வகுத்துப் பாருங்கள். அ-வை ஆண்டுக்கு 200 நாள் கட்டுகிறவருக்கு நாளைக்கு 250 ரூபாய். ஆ-வைப் பயந்து 20 நாள் மட்டும் கட்டுகிறவருக்கு நாளைக்கு 2,500 ரூபாய்க்கு மேல்.

இப்போது போனில் எழுதிய அந்த வரியை எடுங்கள். பிடித்த வாட்சின் ஆண்டுச் செலவு உங்கள் சம்பளத்தில் வலிக்காமல் தாங்கக்கூடியதாக இருந்தால், அதையே வாங்குங்கள். வலித்தால் அடுத்த படி.

படி 6: செகண்ட் ஹேண்டில் தேடுங்கள்

விலை வேகமாக இறங்கும் வாட்சுகளில் பெரும் சரிவு முதல் சில ஆண்டுகளில்தான். அந்த நஷ்டத்தை முதல் ஆள் ஏற்றுக்கொண்ட பிறகு நீங்கள் வாங்கலாம். அதே வாட்ச் அ-வை 4,20,000-க்கு வாங்கி ஆறு ஆண்டு கழித்து 3,30,000-க்கு விற்றால், சர்வீஸோடு சேர்த்தும் ஆண்டுக்கு 25,000 தான். கிராண்ட் சீக்கோ மேல் ஆசைப்பட்டு மறுவிற்பனையை நினைத்துத் தயங்குபவர்களுக்கு நான் சொல்லும் வழி எப்போதும் இதுதான். சப்மரைனருக்கு இது பொருந்தாது. அங்கே பழையதுக்கும் புதுசுக்கும் விலை இடைவெளி குறைவு.

வாங்கும்போது பெட்டி, கேரண்டி கார்டு, அசல் பில், கழற்றி வைத்த சங்கிலிக் கண்ணிகள் எல்லாம் இருக்கின்றனவா என்று பாருங்கள். கார்டில் உள்ள எண்ணும் வாட்சில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். அதிகம் பாலிஷ் போட்ட வாட்சில் ஓரங்கள் மழுங்கியிருக்கும், கொம்புகள் மெலிந்திருக்கும், அப்படிப்பட்டதைத் தவிர்த்துவிடுங்கள். வெளித்தோற்றத்தில் கண்டுபிடிக்கவே முடியாத போலிகள் இன்று உண்டு, அதனால் பணம் கொடுக்கும் முன் நம்பிக்கையான வாட்ச் மெக்கானிக்கை வைத்துப் பின்மூடியைத் திறந்து இயந்திரத்தைப் பார்ப்பது அவசியம். விற்பவர் அதற்குச் சம்மதிக்கவில்லையா, வேறு வாட்ச் தேடலாம்.

படி 7: இந்தியாவில் வாங்குகிறீர்கள் என்றால் வரியைப் பாருங்கள்

வாட்சுக்கு 18 சதவீத ஜிஎஸ்டி. கடையை விட்டு இறங்கியதும் அந்தப் பணம் திரும்பாது. பத்து லட்சத்துக்கு மேற்பட்ட கைக்கடிகாரத்துக்கு 2025 ஏப்ரல் முதல் விற்பவர் 1 சதவீதம் டிசிஎஸ் (விற்பவரே உங்களிடம் வசூலித்து அரசுக்குக் கட்டும் வரி) பிடிக்கிறார். இதை வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம் என்பதால் பில்லில் பான் எண் சரியாக இருக்கட்டும். இரண்டு லட்சமோ அதற்கு மேலோ பணத்தை ரொக்கமாகப் பெறுவதற்குச் சட்டத்தில் தடை உண்டு. பழைய வாட்சை விற்கும்போதும் இது நினைவிருக்கட்டும், பணத்தை வங்கி வழியாகவே வாங்குங்கள்.

இன்னொன்று. ஸ்விட்சர்லாந்து உள்ளிட்ட நான்கு நாடுகளோடு இந்தியா செய்த வர்த்தக ஒப்பந்தம் 2025 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஸ்விஸ் வாட்சுகள் மீதான சுங்க வரி அதன்படி ஆண்டுகள் செல்லச் செல்லப் படிப்படியாகக் குறையும். புது வாட்சின் விலை அதனால் இறங்கினால், இன்று நீங்கள் வாங்கியதன் செகண்ட் ஹேண்ட் விலையும் கூடவே இறங்கும். படி 5-இல் ஸ்விஸ் வாட்சுக்கு மறுவிற்பனை விலை போடும்போது கொஞ்சம் குறைத்தே போடுங்கள்.

படி 8: வாங்கிய பிறகு

பெட்டி, கார்டு, பில், சர்வீஸ் ரசீது எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வையுங்கள். எண் தெரியும்படி போட்டோவும் எடுத்து வையுங்கள். வீட்டுக் காப்பீட்டில் வாட்சைத் தனியாகக் குறிப்பிட்டால்தான் பாதுகாப்பு கிடைக்கும் என்று பல பாலிசிகளில் இருக்கும், கேட்டுக்கொள்ளுங்கள். சர்வீஸுக்குக் கொடுக்கும்போது "பாலிஷ் வேண்டாம்" என்று எழுதியே கொடுங்கள், மாற்றிய பழைய பாகங்களையும் கேட்டு வாங்குங்கள். கீறல் விழுந்தால் விழட்டும். தினமும் கட்டிய வாட்சில் கீறல் இருப்பதை வாங்குகிறவர்களும் எதிர்பார்த்துத்தான் விலை சொல்கிறார்கள். மழுங்கிப்போன ஓரத்தைத்தான் மன்னிப்பதில்லை.