உப்பள வெயிலில் உடம்பைக் காப்பது எப்படி?

தூத்துக்குடிப் பக்கத்து உப்பளக் கிராமங்களில் 22 வருடம் கிராம சுகாதார செவிலியராக இருந்தேன். என் அம்மாவும் அளத்துக்குப் போனவள்தான். விடியுமுன் கிளம்பி, வெயில் ஏறுவதற்குள் உப்பை வாரிப் போட்டுவிட்டு வந்துவிடுவாள். அந்தக் கணக்கு இப்போது உதவவில்லை. உலக அளவில் பதிவானதிலேயே சூடான வருடம் 2024. நம் கடற்கரையில் காற்றில் ஈரமும் அதிகம். வியர்வை காய்ந்தால்தான் உடம்பு குளிரும். இங்கே அது காயாமல் வழிந்து ஓடுகிறது. பாத்தித் தண்ணீரில் பட்ட வெயில் கீழிருந்தும் முகத்தில் அடிக்கிறது.

"நமக்கென்னக்கா, பழகின உடம்பு" என்பார்கள். உடம்பு பழகுவது உண்மைதான். ஆனால் அதற்கு ஒன்று, இரண்டு வாரம் பிடிக்கும், விட்டுவிட்டால் போயும்விடும். காய்ச்சலில் பத்து நாள் படுத்து எழுந்தவரும், முதல் தடவையாக வருகிற பிள்ளையும் முதல் நாளே முழு வேலை செய்யக் கூடாது. முதல் நாள் ஐந்தில் ஒரு பங்கு, மறுநாள் இரண்டு பங்கு என்று ஏற்றுங்கள். மயங்கி விழுகிறவர்களில் பலர் இந்த முதல் சில நாட்களில் விழுகிறவர்கள்தான்.

தண்ணீரைத் தாகம் எடுக்கும் வரை தள்ளிப்போட வேண்டாம். வேலை நேரத்தில் 20 நிமிடத்துக்கு ஒரு டம்ளர் குடியுங்கள். காலையில் நீராகாரமும் இடையில் உப்புப் போட்ட மோரும் நல்லது. வியர்த்துக் கொட்டி கை கால் தசை பிடித்து இழுத்தால் உப்புச் சர்க்கரைக் கரைசல்: ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. உப்பு கூடினால் கெடுதல், அதனால் கைக்கணக்கு வேண்டாம். சிறுநீர் மஞ்சள் கறுத்துப் போனால் உடம்பில் தண்ணீர் இல்லை என்று அர்த்தம். ரத்த அழுத்தத்துக்கு 'நீர் மாத்திரை' போடுகிறவர்கள் தாங்களாக நிறுத்தாமல், கோடை தொடங்குமுன் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பெண்கள் விஷயத்தில் இந்த அறிவுரை மட்டும் போதாது என்று எனக்குப் புரிய நாளானது. தண்ணீர் குடி, குடி என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். ஒரு அக்கா என் கையைப் பிடித்துக் கேட்டாள்: "குடிச்சா எங்கம்மா போறது?" கண்ணுக்கெட்டிய தூரம் வெட்டவெளி. காலையிலிருந்து மதியம் வரை அடக்கிக்கொண்டு, அதற்காகவே குடிக்காமல் இருக்கிறார்கள். நீர்க்கடுப்பு, சிறுநீர்த் தொற்று, காலப்போக்கில் சிறுநீரகக் கோளாறு என்று போகிறது. அதனால் குடிதண்ணீருக்கு முன்னால் மறைவிடம் கேளுங்கள். தனியாகக் கேட்காமல் நாலு பேராகக் கணக்கப்பிள்ளையிடம் போங்கள். நிழலுக்கு ஒரு ஓலைக் கொட்டகையும் சேர்த்துக் கேளுங்கள். தமிழ்நாடு அரசு 2024இல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்திருக்கிறது. கேட்பதில் தயக்கமே வேண்டாம்.

தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல் வந்தால் வேலையை விட்டு நிழலில் படுத்துக் காலை உயர்த்திக்கொள்ளுங்கள். பேச்சு குழறினாலோ, ஆள் அடையாளம் தெரியாமல் உளறினாலோ, வலிப்பு வந்தாலோ, நினைவு தப்பினாலோ அது வெப்பத்தாக்கு. உடம்பு 104 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டியிருக்கும். வியர்வை நின்றுதான் இருக்க வேண்டும் என்பதில்லை, வேலை செய்கிறவர்களுக்கு வியர்த்துக்கொண்டும் இருக்கும்.

இப்படித்தான் ஒருமுறை, விழுந்தவளைப் புடவையால் போர்த்தி ஷேர் ஆட்டோவில் ஏற்றி 40 நிமிடம் கொண்டு வந்தார்கள். பாசத்தில் செய்ததுதான். ஆனால் அந்த 40 நிமிடமும் அவள் மூளை வெந்துகொண்டிருந்தது. பிழைத்தாள், பழையபடி பேச்சு வரவில்லை.

முதலில் குளிர வையுங்கள், அப்புறம் தூக்குங்கள். ஒருவர் 108க்கு அடிக்கும்போதே மற்றவர்கள் நிழலில் கிடத்தி, உடுப்பைத் தளர்த்தி, தலை முதல் கால் வரை தண்ணீர் ஊற்ற வேண்டும். துண்டால் விடாமல் விசிறுங்கள். ஐஸ் கிடைத்தால் துணியில் சுற்றிக் கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் வையுங்கள். நினைவில்லாதவர் வாயில் சோடாவோ தண்ணீரோ ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாயில் போய்விடும். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். பாராசிட்டமால் இதற்குக் கேட்காது. இதற்காகவே இரண்டு குடம் நல்ல தண்ணீர் கொட்டகை நிழலில் தனியாக இருக்கட்டும், குடிக்க எடுக்காதீர்கள்.

ராத்திரியும் உடம்பு ஆறவேண்டும். தகரக் கூரை வீடென்றால் மேலே தென்னங்கீற்று பரப்புங்கள், படுக்குமுன் குளியுங்கள், காற்று வரும் பக்கம் தலைவைத்துப் படுங்கள். சரியாகத் தூங்காதவர் மறுநாள் அளத்துக்கு வந்தால், பக்கத்தில் வாருகிறவர் அவர்மேல் ஒரு கண் வைத்திருங்கள். பேரைச் சொல்லிக் கூப்பிட்டுப் பாருங்கள், பதில் தாமதமானால் அப்போதே நிழலுக்குக் கூட்டிப் போங்கள்.