ராமநாதபுரக் கரைக்குப் போகும் சர்க்கரை நோயாளிக்கு

இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் என்று மருத்துவர் சொல்லி, மாத்திரையும் சாப்பாடும் இன்னும் உடம்புக்குப் பழகாத நிலையில் சாயல்குடி, ஏர்வாடி, கீழக்கரை, மண்டபம் என்று இந்தக் கரைப்பக்கம் போகிறவர்களுக்காக எழுதுகிறேன். சிங்கப்பூரில் என் சாப்பாட்டு நேரத்துக்கு நானே அதிகாரி. ஊரில் அண்ணன், மதினி, பஸ், ஐயர், அரசு அலுவலகம் என எல்லோருக்கும் அதில் பங்கு உண்டு. எந்த மாத்திரை சோறு வரும்வரை காத்திருக்கும், எது காத்திருக்காது என்பதைப் புறப்படும் முன்பே மருத்துவரிடம் பெயர் பெயராகக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுகிறவருக்கு ஒரு வேளை உணவு தள்ளிப்போனால் சர்க்கரை ஆபத்தாக இறங்குவது அரிது. அதன் தொல்லை வயிற்றில்தான். புதிதாகத் தொடங்கும்போதும் அளவைக் கூட்டும்போதும் வயிற்றுப்போக்கு வரலாம். பயணத்துக்கு முந்தைய வாரத்தில் அளவைக் கூட்டிக்கொண்டு மதுரையில் இறங்கி ராமநாதபுரம் பஸ்ஸில் ஏறுவது என்பது தண்டனை; வழியில் நல்ல கழிப்பறை தேடிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். மெல்லக் கரையும் வகை பொருந்துமா என்று முன்கூட்டியே கேளுங்கள்.

கிளிமிபிரைடு, கிளிக்ளசைடு, கிளிபிசைடு ஆகியவை வேறு ரகம். கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கச் செய்பவை அவை. நீங்கள் சாப்பிட்டீர்களா இல்லையா என்ற விசாரணையெல்லாம் அவற்றுக்குக் கிடையாது. எனக்குக் கொடுத்திருந்தது கிளிபிசைடு. உணவுக்கு அரை மணி நேரம் முன்பு என்று சீட்டிலேயே எழுதியிருந்தது.

அப்படித்தான் விழுங்கினேன். மதினி அடுப்பில் இட்லி ஊற்றியிருந்தார். அதற்குள் அண்ணன் வண்டியோடு வந்து, "நல்ல நேரம் முடியப்போகிறது, கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து சாப்பிடலாம்" என்றார். பத்திரப்பதிவு அலுவலகத்தில் விடுதலைப் பத்திரம். அப்பாவின் பனங்காட்டில் என் பங்கை அண்ணனுக்கு விட்டுக்கொடுக்கும் வேலை. மகளுக்கும் சமபங்கு என்று தமிழ்நாடு 1989இலேயே சட்டம் செய்துவிட்டது, 2005இல் அது நாடு முழுவதற்கும் வந்தது. ஆனால் அம்மாவைக் கடைசிவரை பார்த்தவர் அண்ணன். நான் பணம் அனுப்பியவள். சட்டம் பேச எனக்கு வாய் வரவில்லை.

அன்று முகூர்த்த நாள். அதற்காகக் கூடுதல் டோக்கன் வேறு கொடுத்திருந்தார்கள். பதினொரு மணிக்கு எங்கள் முறை என்றார்கள். பதினொன்றுக்கு சர்வர் படுத்துவிட்டது. பிறகு எழுந்தது. எழுந்ததும் ஆதார் கைரேகை ஏற்கவில்லை. விரலைத் துடைத்து வை, அழுத்தி வை, வேறு விரலை வை என்று ஒரு பாடு. அதன் பிறகு சாட்சிகளில் ஒருவர் டீ குடிக்கப் போய்விட்டார். அவர் திரும்பியபோது அதிகாரி சாப்பிடப் போய்விட்டார். அவருக்கு மட்டும் உணவு வேளை தவறவில்லை. நடுவில் வெளியே போய் இரண்டு இட்லி தின்றுவரலாம் என்று எழுந்தால், "பெயரைக் கூப்பிட்டு நீ இல்லையென்றால் இன்னொரு நாள் அலைய வேண்டும்" என்று அண்ணன் கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

இங்கேதான் கவனிக்க வேண்டியது இருக்கிறது. சர்க்கரை இறங்கினால் வியர்க்கும், கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும், எரிச்சல் வரும் என்பார்கள். அந்தக் கூடத்தில் எல்லோருக்கும் வியர்த்தது. எல்லோருக்கும் எரிச்சல் வந்தது. கடற்கரை வெக்கையில் இந்த அறிகுறி ஊரோடு ஊராக ஒளிந்துகொள்கிறது. எழுத்து இரண்டிரண்டாகத் தெரிந்தபோது கருவியை எடுத்துக் குத்தினேன். 3.2. அண்ணன் எட்டிப் பார்த்து, "மூன்றுதானே, எனக்கு இருநூறு இருக்கிறது, உனக்கு என்ன குறை" என்றார்.

சிங்கப்பூர், மலேசியா, பிரிட்டன் கருவிகள் மில்லிமோலில் காட்டும்; ஊரில் மில்லிகிராம் கணக்கு. பதினெட்டால் பெருக்குங்கள். என் 3.2 என்பது ஊர்க்கணக்கில் சுமார் 58. எழுபதுக்குக் கீழே போனாலே உடனே கவனிக்க வேண்டும். இந்தப் பெருக்கலை ஒரு அட்டையில் தமிழில் எழுதிப் பணப்பையில் வையுங்கள். கூட வருகிறவரிடம் முதல் நாளே காட்டிவிடுங்கள்.

காப்பாற்றியவர் ஆவண எழுத்தர். அவருடைய அம்மாவுக்கும் சர்க்கரையாம். சர்க்கரை கூடுதலாகப் போட்ட டீ வரவழைத்தார். விரைவில் சேரும் சர்க்கரை பதினைந்து கிராம், அதாவது மூன்று நான்கு தேக்கரண்டி, பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி பரிசோதனை, குறைவாகவே இருந்தால் மறுபடி அதே அளவு, ஏறியபின் சோறு. கையில் தொதல் (தேங்காய்ப்பாலில் கிண்டும் இந்தக் கரை இனிப்பு) இருக்கிறது என்று அதைத் தின்னாதீர்கள். தேங்காய்ப்பாலின் கொழுப்பு சர்க்கரை சேர்வதைத் தாமதப்படுத்தும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாமல் 108ஐ அழைக்க வேண்டும். அன்று பத்திரமும் பதிவாகவில்லை.

தீரப்போகும் மாத்திரையை ஊரில் வாங்குவதானால் வணிகப் பெயரை நம்பாதீர்கள், மூலப்பெயர் எழுதிய சீட்டைக் காட்டுங்கள். இரண்டு மருந்து கலந்த மாத்திரைகள் இங்கே அதிகம். தனி மெட்ஃபார்மின் கையில் இருக்க, கிளிமிபிரைடோடு மெட்ஃபார்மின் கலந்ததையும் வாங்கி விழுங்கினால் ஒரே மருந்து இரட்டிப்பாகிவிடும். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் சாப்பிடுகிறவர்கள் கோடையில் இரட்டைக் கவனமாக இருக்க வேண்டும். அவை சர்க்கரையோடு நீரையும் சிறுநீரில் வெளியேற்றும். வாந்தி, வயிற்றுப்போக்கு, பட்டினி என்றால் அவற்றை எப்போது நிறுத்துவது என்று கேட்டு வையுங்கள். அமாவாசைக்கு ராமேசுவரத்தில் தர்ப்பணம் முடியும்வரை சாப்பிடாமல் இருக்கப் போகிறவர்கள் கட்டாயம் கேட்க வேண்டும். பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் கோயிலுக்குள் இருபத்திரண்டு தீர்த்தம் ஆடிவிட்டு வந்ததும் விரலிடுக்கைத் துடைத்து, உள்ளங்காலைக் கண்ணாடியில் பாருங்கள். வெயில் ஏறிய கல்லும் மணலும் சுட்டது தெரியாமலே கொப்புளம் வந்திருக்கும்.

சாப்பாட்டில் இந்தக் கரை நமக்குப் பகையில்லை. சாளை, விளைமீன், பாறை, கணவாய் என்று குழம்பில் கிடப்பதை எல்லாம் சாப்பிடலாம்; குவித்த சோறுதான் வினை. மீனையும் காயையும் முதலில் முடித்துவிட்டுச் சோற்றுக்கு வந்தால் கை தானாகக் குறையும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் என்பதால் மீன் வரத்துக் குறையும், விலை ஏறும். பதநீர் காலமும் கிட்டத்தட்ட அதுதான். பதநீர் இயற்கையானது, கருப்பட்டி சர்க்கரையை ஏற்றாது என்று மதினி சத்தியம் செய்வார். நூறு மில்லி பதநீரில் பத்து கிராமுக்குக் குறையாமல் சர்க்கரை இருக்கிறது. கருப்பட்டி அதைக் காய்ச்சி இறுக்கியதுதான். அப்பா மரத்தடியில் பனையோலைப் பட்டையில் ஊற்றித் தந்ததை நினைத்துக்கொண்டு நான் அரை பட்டை குடித்தேன், பரிசோதித்துவிட்டுத்தான். அதைக்கூட மதினி அவமதிப்பாக எடுத்துக்கொண்டார்.

நேரில் போகாமல் முடிக்க நினைப்பவர்கள் இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்ற பவர் பத்திரம் அனுப்பலாம். அது இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத்தீர்வை கட்ட வேண்டும். அண்ணனும் அதைத்தான் சொல்கிறார், "நீ வரவே வேண்டாம்" என்று. அவர் கரிசனத்தில்தான் சொல்கிறார். இருந்தாலும் அந்தக் காட்டை ஒருமுறை சுற்றிப் பார்க்காமல் கையெழுத்துப் போட எனக்கு மனமில்லை. முகூர்த்தம் இல்லாத ஒரு நாளாகப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன், காலையில் முதல் டோக்கன் கிடைத்தால் மட்டும். இட்லி தட்டில் விழுந்த பிறகே வண்டி புறப்படும் என்றும் சொல்லியாயிற்று. அதற்கு அண்ணன் இன்னும் பதில் சொல்லவில்லை.