டெக் மாநாட்டுக்குக் கிளம்பும் முன் பத்து நிமிஷ வேலை

2019-ல் பைகான் இந்தியா, அதாவது பைதான் புரோகிராமிங் மொழிக்கான மாநாடு, நம்ம சென்னை நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தில்தான் நடந்தது. இந்த மாதிரி மாநாடுகளில் ஒரே நேரத்தில் இரண்டு மூன்று அரங்குகளில் பேச்சு ஓடும். தலைப்பை நம்பி உள்ளே போகாதீங்க. முந்தின ராத்திரியே, பேசப்போகிற ப்ராஜெக்டின் கோடு இருக்கும் கிட்ஹப் தளத்தின் பக்கத்தைத் திறங்க: கடைசி கமிட் (கோடில் செய்த மாற்றம்) எப்போ, இஷ்யூக்களுக்கு (பயனர்கள் பதிவு செய்த பிரச்சினைகள்) யாராவது பதில் போடுறாங்களா, கோடை எப்படிப் பயன்படுத்தலாம் என்று சொல்லும் லைசென்ஸ் ஃபைல் இருக்கா?

லைசென்ஸ்தான் முக்கியம், அதுவும் ஏஐ பேச்சு என்றால். மேடையில் எல்லாமே 'ஓப்பன்'தான்! மெட்டா (ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனம்) வெளியிட்ட லாமா 3 என்ற ஏஐ மாடலை யாரும் டவுன்லோட் செய்யலாம்; ஆனால் அது வெளியானபோதே மாதம் 70 கோடிப் பயனர்களைத் தாண்டியிருந்த நிறுவனம் மெட்டாவிடம் தனி அனுமதி வாங்கணும். யாரும் பயன்படுத்தலாம், மாற்றலாம், பகிரலாம் என்று சொல்லும் உண்மையான ஓப்பன் சோர்ஸ் லைசென்ஸில் இப்படி நிபந்தனை இருக்காது.

கேள்வி நேரத்தில் "ஸ்கேல் ஆகுமா சார்?" (பயனர்கள் பெருகினாலும் தாங்குமா) என்று பொத்தாம்பொதுவாகக் கேட்காமல், ஒரு இஷ்யூ நம்பரைச் சொல்லிக் கேளுங்க. மைக் கைக்கு வரலையா, பேச்சாளரைக் காபி இடைவேளையில் பிடிச்சுக்கலாம். பேச்சு பெரும்பாலும் பிறகு யூடியூபில் வந்துடும், அதனால் அடுத்த அரங்குக்கு ஓட வேண்டாம். ஏசி குளிரும், முழுக்கைச் சட்டை போட்டுக்கோங்க.